தொப்பை போட்ட பேனாக்கள்

பல் டாக்டருக்கு ஊரார் வாயைத் திறக்கத்தான் தெரியும், தன் வாயை மூடத் தெரியாது. மகள் தனக்குப் பிடித்தவனைச் சொன்னாள். அவனும் பல் டாக்டர், அதுவும் இவர் கிளினிக்குக்கு எதிரிலேயே போர்டு மாட்டினவன். "அவன் அடைச்ச பல்லு ஆறு மாசம் தாங்காது" என்று சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்துவிட்டார். மகள் தட்டோடு எழுந்து போனவள்தான். கல்யாணத்துக்குத் தலையாட்டிய பிறகும் பேச்சு திரும்பவில்லை. எது வேண்டுமானாலும் அம்மா வழியாகப் போய் வந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது வேப்பங்காய். அதனால் பேனா செய்ய உட்கார்ந்தார். திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் மகள் கையெழுத்துப் போட, தன் கையால் கடைந்த மரப்பேனா. அதை அவள் வாங்கிக்கொண்டால் போதும். வாங்காமல் பையிலிருந்து வேறொன்றை எடுத்துவிட்டால்?

பின்கட்டு அறையில் அவருடைய கடைசல் மெஷின் இருந்தது. பொழுதுபோக்குக்கு வாங்கியது, தையல் மெஷின் அளவுதான். ஒரு பக்கம் மோட்டாரோடு தலை, எதிர்ப் பக்கம் வால். இரண்டிலும் கூரான நுனி. துளை போட்ட கட்டையைக் கம்பியில் கோத்து நடுவில் பிடித்துச் சுழற்றி, உளியை வைத்தால் பேனா. நுனி இரண்டும் நேருக்கு நேர் முட்ட வேண்டும். முட்டவில்லை. தலை தாழ்ந்திருந்தது. வந்த பேனாவெல்லாம் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, தொப்பை போட்டிருந்தன.

"கோளாறு எப்பவும் தலையிலதான் இருக்கும்" என்றார் டாக்டர்.

"அது எனக்கு இருபத்தஞ்சு வருஷமா தெரியும்" என்றாள் மனைவி.

தலைக்கு அடியில் முட்டுக் கொடுக்க அவருக்குக் கிடைத்தது பழைய பல் எக்ஸ்ரே பிலிம். யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்லை மடித்துச் செருகினார். கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. கிளினிக்கில் நாளெல்லாம், யார் வாயிலோ கையை விட்டபடி, அதையே யோசித்தார். மறுநாள் காலை வந்ததும் நுனிகளைப் பார்க்கக்கூட இல்லை. யோசித்து முடிவு பண்ணியாகிவிட்டது, பிறகென்ன பார்ப்பது? ஒரு மடிப்பை எடுத்தார். கட்டையை மாட்டிக் கடைந்தார். தொப்பை.

அடுத்த நாள் மடிப்பைத் திரும்ப வைத்தார். தொப்பை மறுபக்கம் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இவருக்குக் குரங்குகூட ஒரே மாதிரி வரமாட்டேன் என்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஞ்சியது ஒரே கட்டை. வேறு வழியில்லாமல், இதுவரை கை வைக்காத வால் பக்கத்தைக் கழற்றினார். அடியில் ரோஜா நிறத்தில் அட்டைத் துண்டுகள். கல்யாணப் பத்திரிகையை அழகாக நறுக்கி யாரோ முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"இதை யாரு வெச்சது?"

"என்னை ஏன் கேக்கறீங்க? உங்க பொண்ணைக் கேளுங்க" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

மகள் வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் திருட்டுத்தனம்.

"தலை தூக்கிட்டு இருந்துச்சு. சாயந்தரம் நீங்க கிளினிக்லேர்ந்து வர்றதுக்கு முன்னாடி வாலுக்கு அட்டை வெச்சேன். சரியாத்தான் முட்டுச்சு. மறுநாள் சாயந்தரம் பார்த்தா தலை தாழ்ந்திருக்கு. அட்டையை எடுத்தேன். அதுக்கு மறுநாள் திரும்பத் தூக்கலா இருக்கு. மறுபடி அட்டை வெச்சேன். மெஷினுக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"நான் காலைல சரி பண்ண..."

"நான் சாயந்தரம் சரி பண்ண..."

"கடைல பேனா வாங்கிக்கறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே?"

"சொன்னேன். கோவத்துல சொன்னதுப்பா."

டாக்டர் மெஷினின் தலைப் பக்கம் குனிந்தார். பிலிமை உருவி எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் அடைச்ச பல்லோட ஒருத்தர் வந்தாரு. மூணு வருஷம் ஆச்சாம். நல்லா நிக்குது. நான் பேசினது தப்பும்மா."

"இதைச் சொல்ல ஒரு மூட்டை கட்டையை வீணாக்கணுமா?" என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அட்டைகளை வாரி எடுத்தாள்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவர் தலைக்கு ஒரு பிலிம் வைக்க, அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம், போதும், அதிகமாயிடுச்சு, கொஞ்சம் இறக்குங்க. நுனியும் நுனியும் முட்டின. கட்டை சுழன்றது. சீவல் இருவர் மேலும் தெறித்தது. கடைந்து, தேய்த்து, மெருகு போட்டு, முள்ளும் மூடியும் பொருத்தி அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். மேசையில் உருட்டிவிட்டாள். எங்கும் துள்ளாமல் பேனா வழவழவென்று ஓடியது.

"அங்க என்னதான் நடக்குது? அவ துணிமணியெல்லாம் அடுக்க வேண்டாமா? நாளைக்கு இந்நேரம் அவ மாப்பிள்ளை வீட்டுல இருப்பா" என்றாள் அம்மா.

மகள் பேனாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் பக்கம் லேசா தள்ளின மாதிரி இல்ல?"

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"ஆமாம்மா, தள்ளித்தான் இருக்கு" என்றார். "இன்னொரு தடவை மாட்டிப் பார்த்துடலாம்."