தனக்கொன்று, அதற்கொன்று

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். ஒரு வேலையும் செய்யாமல், அடுத்தவர் வேலை செய்வதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வேறென்ன பெயர் என்பார். எனக்கு அதைப் பிடிக்காது. முடி உதிர்த்தே உயிரை வாங்கும்.

அவர் பஸ் ஓட்டியவர். வேலை முடிந்து வந்து ஜன்னலோர நாற்காலியில் வேர்க்கடலையோடு உட்கார்ந்தால் தனக்கொன்று, அதற்கொன்று. போன மழைக்காலத்தில் அவர் போனதிலிருந்து மேனேஜர் அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. தட்டில் வைப்பதைப் பேருக்கு நக்கும். நான் கடலையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் சலவைக்கடையில் பேன்ட் நீளம் குறைத்துத் தைக்கிறவள். நாள் முழுக்க ஊசியோடும் ஜிப்போடும் மாரடித்துவிட்டு வந்து ஒரு நாயிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதை விட்டால் அந்த வீட்டில் பேசுவதற்கு எனக்கு யார் இருந்தார்கள்?

வெளியூரில் இருக்கும் மகன் ஒரு டப்பா அனுப்பினான். முந்திரி, பாதாம், கூடவே பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு கொட்டை, வெள்ளை உருண்டையாக.

"அந்த உருண்டைதாம்மா இருக்கறதுலயே ஒசத்தி. யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டு நிக்காத, நீ சாப்பிடு" என்றான் போனில்.

யாருக்குக் கொடுக்கப்போகிறேன், சுவருக்கா?

அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்ததும் புது வாசனைக்கு மேனேஜர் எழுந்து வந்தது. ஓர் உருண்டையை நீட்டினேன். முகர்ந்துவிட்டு என் உள்ளங்கையிலிருந்து எடுத்துத் தின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றபடியே உருண்டைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி ஊட்டினேன். ஒன்றைக்கூட நான் வாயில் போடவில்லை.

காலையில் அதன் பின்னங்கால்கள் எழவில்லை. முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு நாற்காலிவரை போகப் பார்த்தது. வாந்தியெடுத்தது, நடுங்கியது. போர்வையில் சுருட்டி டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

நாய் டாக்டர் என்ன கொடுத்தேன் என்று கேட்டார். டப்பாவை நீட்டினேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இந்த மெக்கடாமியா கொட்டை நாய்க்கு ஆகவே ஆகாதும்மா. கால விழ வெச்சிடும். பெரும்பாலும் ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும். இது வயசானது, அதான் இங்கயே வெச்சுப் பாக்கறேன்."

பாதாமும் வேண்டாம், செரிக்காது என்றார். உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலை இரண்டு மூன்று கொடுத்தால் பாதகமில்லையாம். என் வீட்டுக்காரர் தெரிந்தோ தெரியாமலோ சரியானதைத்தான் கொடுத்திருக்கிறார்.

"கூட யாரும் வரலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"கூட இருக்கறது இதுதான் டாக்டர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். தரையில் நகம் உரசும் சத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் போன அன்றுகூட வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இந்தச் சத்தமின்மை எனக்குப் பயமாக இருந்தது. மகன் போன் செய்து உருண்டை எப்படி இருந்தது என்று கேட்டான். ஒசத்தியாக இருந்தது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை மேனேஜர் தள்ளாடியபடி, ஆனாலும் தன் காலாலேயே வீட்டுக்குள் வந்தது. நேராகப் போய் நாற்காலியடியில் படுத்தது. ஒரு வேர்க்கடலையை நீட்டினேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நியாயம்தான், இனி என் கையை எப்படி நம்பும்?

எனக்கும் கால் ஓய்ந்துவிட்டது. அதுவரை நான் உட்காராத அவருடைய நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். காலையிலிருந்து பட்டினி. கையில் இருந்த கடலையை என் வாயிலேயே போட்டு மென்றேன்.

மேனேஜர் எழுந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எப்போதும் தான் ஒன்றைத் தின்றுவிட்டுத்தான் அதற்கு ஒன்று கொடுப்பார். கடலை என்றால் முதலில் நான் சாப்பிட வேண்டும் என்றுதான் இத்தனை மாதமும் அது காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொரு கடலையை நீட்டினேன். எடுத்துக்கொண்டது. தின்று முடித்துவிட்டு, அடுத்ததை நான் சாப்பிடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.