ஊரறிந்த பல்

"உடம்புல உலோகம் ஏதாவது இருக்காம்மா? எரிக்கிறதுக்கு முன்னாடி தெரியணும்."

தகன நிலையத்து ஊழியர் கேட்டதும் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கேன் அறை வாசலில் கேட்கிற அதே கேள்வி. இங்கே எரிக்கக் கிடத்தியிருந்த அப்பாவோ, உடம்பை அறுக்காமல் உள்ளே படம் பிடிக்கும் அந்தக் காந்தக் குழாயைக் கண்டுபிடித்தவர்.

"கடைவாய்ப் பல்லுல ஒரு உறை இருக்கு. ஊரறிஞ்ச பல்லு," என்றாள்.

பொய்யில்லை. குழாய் எடுத்த முதல் தலைப் படம் பாடப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. தாடைப் பக்கம் மை கொட்டினாற்போல் ஒரு கறுப்பு. அது உறையின் உலோகம் செய்த வேலை. முன்பின் தெரியாத இயந்திரத்துக்குள் தன் தலையையே கொடுத்த மனிதர் என்று அப்பாவுக்குப் பெயர் வந்ததே அந்தப் படத்தால்தான்.

ஊழியர் விளக்கடித்துப் பார்த்தார். "எல்லாம் சொந்தப் பல்லும்மா. ஒரு அடைப்புகூட இல்ல."

அவளும் குனிந்து பார்த்தாள். வலம், இடம், மேல், கீழ். உறைப் பல் அவர்கள் வீட்டில் இன்னொருவருக்குத்தான் உண்டு.

பக்கத்து அஞ்சலிக் கூடத்தில் முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மேடையில் அதே படம், சட்டம் போட்டு. அப்பாவின் பழைய மாணவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி குழாய்க்குள்ள படுத்தது நீதானே?"

அம்மா கைக்குட்டையை மடித்தாள். "மெதுவா பேசு."

"நீதானே?"

"அவருக்கு அடைசலான இடம் ஆகாது. தலைய உள்ள விட்டதும் வேர்த்து ஊத்தி எந்திரிச்சிட்டாரு. யாராவது படுக்கணுமே. நான் படுத்தேன்."

உடம்புக்கு நல்லது என்று லிஃப்டை விட்டுப் படியேறிய அப்பா! வயிற்றுவலி வந்தபோது ஸ்கேன் எடுக்கச் சொல்லி இவள் கெஞ்சாத கெஞ்சலில்லை. "முதமுதல்ல அதுக்குள்ள போயிட்டு வந்தவன்டி நான். எனக்கே பாடமா?" என்று வாயை அடைத்துவிட்டார். அவளும் நம்பித் தொலைத்தாள். நோய் தெரிந்தபோது கைமீறிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், கடைசியில் தன்னையும் சேர்த்தல்லவா புதைத்துக்கொண்டார்!

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மயக்க மருந்து குடுத்து எடுத்திருப்பாங்க. உனக்குத் தெரியும்ல? நீயாவது வாயத் திறந்தியா?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு."

"எப்ப?"

"படம் எடுத்த அன்னிக்கி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவரும் அதப் பேசல. நானும் பேசல."

"செத்துப்போயிட்டாரும்மா! இன்னும் யாருக்குப் பயந்து மூடி வைக்கிற?" வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

மாணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வீரம் என்றார், தியாகம் என்றார். கறுப்புப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு குனிந்து, பரிவான குரலில், "இந்தப் பல்லப் பத்தி நீங்களே ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா," என்றார்.

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மா கைக்குட்டையை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்தாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கூடம் காத்திருந்தது. பேசுவதற்காக அம்மா வாயைத் திறந்தாள்.

மேடை விளக்கின் வெளிச்சத்தில், வாயின் ஓரத்தில், உறை மின்னியது.