எலும்புக்குப் போகாத சுண்ணாம்பு

லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ரெங்கம்மா நூறு இறைச்சிக்கோழி வளர்த்தாள். கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. இதற்கு முன் ஏழு தடவை குஞ்சு இறக்கியிருக்கிறாள். ஒரு சிக்கலும் வந்ததில்லை. எட்டாவது தடவை, நாலாம் கிழமையில், இருபத்தைந்தாம் நாள் வாக்கில் கோழிகள் உட்காரத் தொடங்கின.

முதல் நாள் நாலு. மூன்றாம் நாள் இருபதுக்கும் மேல். தீன் தட்டு ஒரு முழத்தில் இருந்தும் எழுந்து போக முடியாமல், மார்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தன. நோய் என்றால் இறகு சிலிர்க்கும், கண் சொருகும். இவை கொழுகொழுவென்று, தெளிந்த கண்ணோடு, பசியோடு இருந்தன. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பதுளையிலிருந்து கால்நடை வைத்தியர் கேசினி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எழும்பாத கோழி ஒன்றை அறுத்து, காலெலும்பை வழித்தெடுத்து, இரண்டு முனையையும் பிடித்து அழுத்தினாள். எலும்பு முறியவில்லை. பச்சை ஈர்க்கு மாதிரி வளைந்தது.

"ஐயோ, என்னங்க மிஸ் இது!" ரெங்கம்மா அதை வாங்கித் தானும் வளைத்துப் பார்த்தாள்.

"எலும்பில சுண்ணாம்புச் சத்து ஏறேல்லை அம்மா. தீனோட வேற என்ன குடுத்தனீங்கள்?"

"தீபாவளிக்கு நல்லா கொழுக்கட்டும்னு, பேக்கரி ஹபீஸ் நானாகிட்ட பொரிச்சு மிஞ்சுன எண்ணெய வாங்கிக் கலந்தேன். இந்தக் குளிருக்கு அது வெள்ளையா கட்டிப்போயிரும். ஆனா தீனுல சுண்ணாம்பு இருக்குதானுங்களே? பையிலயே எழுதியிருக்கு."

"இருக்கு. எலும்புக்குத்தான் போகேல்லை."

கேசினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரெங்கம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு கேட்டு வாங்கி, ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தாள். இன்னொரு கோப்பையில், மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழும் பீலித் தண்ணீர் பிடித்து அதில் சவர்க்காரம் கரைத்தாள். நுரை விளிம்பு தாண்டி வழிந்தது.

"இப்பிடி நுரைக்கிறது எனக்கு இண்டைக்கும் புதினம்தான். எங்கட ஊர்க் கிணறெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள. தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் பிசுக்குத்தான் வரும்," என்று சொல்லிக்கொண்டே தெளிந்த சுண்ணாம்பு நீரை நுரையில் ஊற்றிக் கலக்கினாள்.

நுரை அடங்கிப்போனது. தண்ணீர் முழுக்கத் திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன.

"சவர்க்காரத்தில இருக்கிற கொழுப்பு சுண்ணாம்பைப் பிடிச்சிட்டுது. லேசில விடாது. கோழிக் குடலுக்குள்ளயும் இதுதான் நடந்தது. நீங்கள் போட்ட கொழுப்பு தீன்ல இருந்த சுண்ணாம்பைப் பிடிச்சு, எச்சத்தோட வெளியில கொண்டுபோட்டுது."

ரெங்கம்மா குனிந்து எச்சத்தைக் குச்சியால் கிளறினாள். வெளிறி, பிசுபிசுத்துக் கிடந்தது.

"கோழி வயித்துக்குள்ள சவக்காரமா!" என்றாள், குரல் தாழ்ந்து. தன் கையால் போட்டதுதானே என்ற குற்ற உணர்ச்சி பிறகுதான் வந்தது. அப்போதைக்கு, இத்தனை சின்ன உடம்புகளுக்குள், யாரும் பார்க்காத இருட்டில் நடந்த காரியத்தை நினைத்தபடி நின்றாள்.

எண்ணெய் நின்றது. கேசினி கொடுத்த சிப்பித் தூளைத் தீனிலும் விற்றமின் மருந்தைத் தண்ணீரிலும் ரெங்கம்மா கலந்தாள். எழும்பாதவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எட்டாம் நாள் காலையில் ஒரு கோழி நடுநடுங்கி எழுந்து, இரண்டடி வைத்து உட்கார்ந்தது. மறுபடி எழுந்து நாலடி வைத்தது. அது தட்டைத் தொடும்வரை ரெங்கம்மா மூச்சு விடவில்லை. பெரும்பாலானவை தேறின. ஏழு கடைசிவரை எழும்பவேயில்லை.

அடுத்த மாதம் புதுக் குஞ்சுப் பெட்டி இறங்கியபோது கேசினியும் வந்திருந்தாள். ரெங்கம்மா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தினாள். கொழுந்துக் காம்பை விட மெல்லிய கால்கள்.

"அஞ்சு கிழமையில ரெண்டு கிலோவத் தாங்குற எலும்பு, இதுக்குள்ள இனிமேத்தான் உண்டாகணுமாங்க மிஸ்?"

"ஓம் அம்மா. நீங்கள் போடுற தீன்லயிருந்துதான்."

குஞ்சு அவள் கையில் ஒரு தரம் இறகை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றது. அதைக் கீழே விட ரெங்கம்மாவுக்கு வெகுநேரம் மனம் வரவில்லை.