புத்தூரில் மாவு புளிக்காத ஆடி

போன வருடம் ஆடி இரண்டாம் வெள்ளி முதல் புத்தூரில் மாவு புளிக்கவில்லை. பால் உறையவில்லை. மூன்று நாள் பழைய சோறு அப்போதுதான் வடித்தது மாதிரி இருந்தது. ஜனங்கள் முதலில் சந்தேகப்பட்டது மாவுக்கடை சந்திரம்மாளைத்தான். வேறு யாரைச் சந்தேகப்படுவார்கள்? இருபது வருடமாக அவள் கையால் கரைத்த மாவில்தான் அந்தத் தெருவே இட்லி அவித்தது. அவள் கைச்சூட்டுக்கு மாவு பொங்கி மூடியையே தள்ளிவிடும் என்பார்கள்.

“மாவுல என்னத்தைங்க கலக்குறீங்க? இட்லி கல்லாட்டம் கிடக்கு!” என்று லூர்துராணி டிபன் பாக்ஸோடு கொண்டுவந்து வைத்தாள். சந்திரம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. உளுந்தைச் சந்தேகப்பட்டாள், குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள், எதிர்க்கடை பிச்சை செய்வினை வைத்துவிட்டான் என்று ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிச்சையின் மாவும் படுத்துக் கிடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தன் காலைப் பார்த்தாள்.

சர்க்கரை வியாதியில் வந்த குதிகால் புண். கணுக்காலோடு எடுத்துவிட டாக்டர் தேதியே குறித்திருந்தார். காலேஜில் புண் ஆறுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மஹ்ஜபீன், தொட்டியம் வாழைத்தண்டுச் சாற்றிலிருந்து கிருமியை ஒடுக்கும் களிம்பு ஒன்று எடுத்து, சம்மதக் கையெழுத்து வாங்கித் தடவினாள். முதல் பூச்சு, ஆடி இரண்டாம் வெள்ளி.

“உண்மையைச் சொல்லும்மா. இது மருந்தா, மந்திரமா?”

“மருந்துதான்க்கா, அல்லாமேல சத்தியமா. லேபுல கூட ஒரு தட்டுலயும் கிருமி வளர மாட்டேங்குது. பொய் ரிசல்ட் காட்டுறேன்னு என்னையே சந்தேகப்படுறாங்க.”

சந்திரம்மாள் நம்பவில்லை. மூன்று நாள் களிம்பை நிறுத்திப் பார்த்தாள். மாவு பொங்கி வழிந்தது; புண் வாயைத் திறந்தது. மறுபடி தடவினாள். புண் மூடியது, மாவு படுத்தது. காலா, கடையா என்று சமயபுரத்தாளை வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

மஹ்ஜபீன்தான் வழி கண்டாள். கிருமித் தட்டில் ஒரு சொட்டு மருந்து விட்டால் அதைச் சுற்றி வட்டமாக வெறுமை விழும்; வட்டத்துக்கு வெளியே கிருமி அது பாட்டுக்கு வளரும். இந்த வட்டத்துக்கும் ஒரு விளிம்பு இருக்க வேண்டுமே! சந்திரம்மாள் களிம்புக் காலோடு கடையிலேயே இருக்க, மஹ்ஜபீன் தெருத்தெருவாக டிபன் பாக்ஸில் மாவு வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். விளிம்பு காவிரிப் பாலத்தின் நடுவில் இருந்தது.

களிம்பை சந்திரம்மாள் இன்றும் விடவில்லை; சாயங்காலம் நாலரை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் மாவு வாளிகள் போகின்றன. அக்கரையில் ரங்கநாயகி என்பவள் இறக்கி, கையால் ஒரு கலக்குக் கலக்கி வைக்கிறாள். பொங்கிய மாவு காலை முதல் பஸ்ஸில் திரும்பி வருகிறது. பிள்ளைகளின் முழங்கால் சிராய்ப்பு சீழ் பிடிக்காததால் புத்தூரில் யாரும் புகார் சொல்வதில்லை. லூர்துராணி மட்டும் இன்னமும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறாள். ரங்கநாயகி உப்பைக் கூடுதலாகப் போடுகிறாளோ என்று சந்திரம்மாளுக்கும் ஒரு சந்தேகம் உண்டு. வாளிகளை பஸ் ஸ்டாப் வரை தூக்கிப் போவது சந்திரம்மாள்தான், இரண்டு காலாலும் நடந்து.