அறுபது ஜிபிக்கு மேல்

டிஸ்க்கின் மூடியைப் பூதக்கண்ணாடி நெம்பித் திறந்தாள். உள்ளே விரல்நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, நிறையப் பசை, கையில் கனம் காட்டுவதற்காக ஓர் இரும்புத் துண்டு. அவ்வளவுதான். மேலே ஒட்டிய தாளில் மட்டும் இரண்டாயிரம் ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பூதக்கண்ணாடி என்பது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர். எதைக் கொண்டுவந்தாலும் லென்ஸை வைத்துப் பார்த்து, திருகாணியின் நிறம்கூடச் சரியில்லை என்பாள். முன்னறையில் விற்பனை அவளுடைய கொழுந்தன் பொறுப்பு. நாற்பது வயது ஆகியும் வாய்க்குப் பூட்டு போடத் தெரியாதவன்.

அப்பேர்ப்பட்டவள் ஏமாந்தது எப்படி? ஆசைதான், வேறென்ன. மூன்று மாதம் முன்பு இணையச் சந்தையில் இந்த டிஸ்க் மற்றவற்றின் விலையில் ஆறில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. லென்ஸில் பார்த்தாள், குறையில்லை. செருகினாள், கம்ப்யூட்டர் இரண்டாயிரம் என்றே காட்டியது. ஒரு சினிமாவை ஏற்றி ஓட்டினாள், ஓடியது. பத்தே நிமிடத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘பதினாறு வருடம் ரிப்பேர் செய்கிறவள் சொல்கிறேன், நம்பி வாங்கலாம்’ என்று எழுதியும் விட்டாள், அதுவும் பூதக்கண்ணாடி என்ற பெயரிலேயே. பெருமை பிடித்த கை சும்மா இருக்குமா? முந்நூறு பேர் ‘உதவியாக இருந்தது’ என்று அமுக்கியிருந்தார்கள்.

இந்தச் சனிக்கிழமை காலையில்தான் முதல்முறையாக அதை நிரப்பிப் பார்த்தாள். அறுபது ஜிபி வரை எல்லாம் ஒழுங்கு. அதற்கு மேல் ‘ஏற்றியாயிற்று’ என்று பச்சைக் குறி காட்டியது, கோப்பின் பெயரும் நின்றது, திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அளவைக் கூசாமல் பொய் சொல்லும்படி அந்தக் கார்டைப் பழக்கியிருந்தார்கள்.

நட்சத்திரத்தைப் பிடுங்கலாம் என்று தன் ரிவ்யூவைத் திறந்தாள். அதன் கீழே முந்தைய நாள் யாரோ ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள்.

“உங்க ரிவ்யூவைப் பார்த்துத்தான் வாங்கினேன். நாலு வருஷம் குகை குகையா அலைஞ்சு ரெக்கார்டு பண்ணின வௌவால் சத்தம் முழுக்க இதுலதான் ஏத்துறேன். வேற எங்கயும் இடமில்ல. திங்கட்கிழமை காலையில லேப் கம்ப்யூட்டர்ல இருக்கிறதை எல்லாம் அழிச்சுடுவாங்க. ரொம்ப நன்றி அக்கா!”

அந்த ‘அக்கா’தான் அவளைச் சுட்டது.

எட்டிப் பார்த்த கொழுந்தன், “வௌவால் சத்தம் மனுஷக் காதுக்கே கேட்காதாம் அண்ணி. போனா யாருக்குத் தெரியப்போகுது?” என்றான்.

“குகைக்குள்ள நாலு வருஷம் கிடந்தவளுக்குத் தெரியும். நீ நாலு நிமிஷம் வாயை மூடு.”

ஐந்தை ஒன்றாக்கினாள். ‘பரிசீலனையில் உள்ளது, மூன்று வேலை நாட்கள்’ என்றது சந்தை. மாணவிக்குப் பதில் எழுதினாள். அதற்கும் மூன்று நாட்கள். புகழ்ந்து எழுதியபோது ஒரு நொடியில் ஏறியது, இகழ்ந்தால் மட்டும் இவர்களுக்குப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது! வாடிக்கையாளர் சேவையில் பேசிய இயந்திரமோ, பொருளைத் திருப்பி அனுப்ப விரும்புகிறீர்களா என்பதையே நான்கு முறை கேட்டது. மாணவியின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போயிற்று. கொழுந்தன் கடையைச் சாத்தலாமா என்றபோது, வேண்டுமானால் நீ போ என்று விட்டாள்.

அப்போது அவள் போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போன மாதம் அவள் வாங்கிய குடை பைக்குள் அடங்குமா என்று யாரோ கேட்கிறாராம், உங்களால் பதில் சொல்ல முடியுமா என்று சந்தை கெஞ்சியது. இந்தத் தொல்லையை எத்தனை முறை திட்டி அழித்திருக்கிறாள்! இப்போது பொறி தட்டியது. கேள்வி என்று ஒன்று கேட்டால், அந்தப் பொருளை வாங்கிய அத்தனை பேர் வீட்டுக் கதவையும் சந்தையே தட்டும்.

டிஸ்க்கின் பக்கத்தில் கேள்விக்கான கட்டத்தைத் திறந்து, ‘இது போலி, ஏமாறாதீர்கள்’ என்று எழுதினாள். இது கேள்வி அல்ல என்று திரும்பியது. ‘இது மோசடி என்று தெரியுமா?’ என்றாள். தகாத சொல் என்று திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு, பச்சைப் பிள்ளை முகத்தோடு மூன்றாவதாக எழுதினாள்: ‘அறுபது ஜிபிக்கு மேல் ஏற்றிய கோப்பை யாராவது திறந்து பார்த்தீர்களா? உள்ளே ஏதாவது இருக்கிறதா?’

ஏறிவிட்டது. அடுத்த நிமிடம், அவளும் வாங்கியவள்தானே, அவளுக்கே மின்னஞ்சல் வந்தது: ‘ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார்.’ பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. இருந்தும் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள், துணைக்குக் கொழுந்தனும் வந்தான். பதில்கள் வந்து விழுந்தன. ‘தெரியாது, மச்சானுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டேன்.’ ‘டப்பா அழகாக இருக்கிறது.’ ‘நான் இன்னும் பிரிக்கவில்லை.’ ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான்கு மணிக்கு அது வந்தது.

“இந்தக் கேள்வியைப் பார்த்துட்டு ஒரு வௌவால் கோப்பைத் திறந்தேன். காலி. அடுத்ததும் காலி. நல்லவேளை, லேப்ல எல்லாம் இன்னும் அப்படியே இருக்கு. வேற டிஸ்க் கேட்டு வாங்கி ஏத்திக்கிட்டிருக்கேன், ஒவ்வொண்ணாத் திறந்தும் பார்க்கிறேன். கேட்டவங்க யாரோ, நூறு வருஷம் நல்லா இருங்க. அந்த அஞ்சு நட்சத்திரக்காரி மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேஜையைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் முடித்தாள்.

“அப்பாடா!” என்றான் கொழுந்தன். “வௌவாலும் பொழைச்சுது, நம்ம கடையும் பொழைச்சுது. கேட்டது நீங்கன்னு அவளுக்குத் தெரியாது. புதன்கிழமை ரிவ்யூவும் மாறிடும். அப்படியே விட்டுடுங்க அண்ணி.”

விட்டுவிடலாம்தான். வாழ்த்து ஒருத்திக்கு, வசவு ஒருத்திக்கு என்று அந்த மாணவி நிம்மதியாக இருந்துவிடுவாள். ஆனால் வசவை ஒளித்துவிட்டு வாழ்த்தை மட்டும் எடுத்துக்கொள்ள இவளுக்கு மனம் வரவில்லை. விசைப்பலகையை இழுத்து, பதிலுக்கான கட்டத்தில் தட்டினாள்.

‘கேள்வி கேட்டதும் நான்தான், ஐந்து நட்சத்திரம் போட்டதும் நான்தான். நிரப்பிப் பார்க்காமல் எழுதினேன். மன்னித்துவிடு. பூதக்கண்ணாடி.’

“அண்ணி, தெரு முழுக்கப் படிக்கும்!”

“படிக்கட்டும்,” என்று அனுப்பினாள்.