ஒரு முழமும் நாலு விரலும்

லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கென்றே நல்லகண்ணு ஒரு சாபம் வைத்திருந்தான்: நீ கட்டின ரூமிலேயே ஒரு நாள் போனில் சார்ஜ் இல்லாமல் நீ தங்கவேண்டும். திருச்சுழிப் பக்கம் பதினெட்டு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறவன் அவன். எந்த ஊர் ரூமுக்குள் நுழைந்தாலும் பையைக் கீழே வைக்கும் முன்பே பிளக் பாயிண்ட் எங்கே என்று சுவரைத் துழாவுவான். அது டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், இல்லையென்றால் கதவோரத்தில் தலைக்கு மேலே இருக்கும். கட்டில் ஒரு மூலை, கரண்டு ஒரு மூலை. ரூமில் படுக்கிறது மனுஷனா பல்லியா என்று கேட்பான்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் மனைவி பாண்டீஸ்வரிக்கு மூச்சிரைப்பு முற்றி, மதுரையில் வைத்தியம் பார்க்க ஒரு லாட்ஜில் தங்கினார்கள். மருந்தை ஆவியாக்கி இழுக்கிற மிஷினுக்கு வயர் குட்டை. ரூமில் இருந்த ஒரே பாயிண்ட் கதவுக்குப் பக்கத்தில். நாற்காலிகூட இல்லை. பாத்ரூம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் அவள் மூச்சு வாங்கினாள். வயர்மேன் பெண்டாட்டிக்கு வந்த கதியைப் பார் என்று அவளே சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடை திறந்ததும் ஓடிப்போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்தான். ஆனாலும் அந்த வாளி அவன் நெஞ்சிலேயே கிடந்தது.

அதனால்தான் மாரிசெல்வம் அருப்புக்கோட்டையில் லாட்ஜ் கட்டப்போகிறேன் என்றதும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்திரண்டு ரூம். வயரிங் மொத்தமும் உன் பொறுப்புலே என்று மாரிசெல்வம் அஸ்திவாரம் போட்ட அன்றே சொல்லிவிட்டான். லைசென்ஸ் கையில் இருந்தும் அதுவரை வீட்டு வயரிங்கும் கிணற்று மோட்டாரும்தான் நல்லகண்ணுவுக்கு வாய்த்திருந்தன. பெரிய வேலையென்றால் இன்னொருத்தர் பெயரில்தான் செய்வான். மெயின் போர்டு கதவின் உட்பக்கம் வேலை பார்த்தவனின் பெயரும் போன் நம்பரும் ஒட்டிவைப்பது அந்தத் தொழிலில் பழக்கம். அதற்கென்று ‘நல்லகண்ணு எலக்ட்ரிக்கல்ஸ், திருச்சுழி’ என்று நாற்பது ஸ்டிக்கர் அடித்து வைத்துக்கொண்டான். பெரிய கட்டிடம் ஒன்றில் தன் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

மாரிசெல்வத்தின் வாக்கைச் சந்தேகப்பட அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. நல்லகண்ணுவின் அப்பா மாரிசெல்வம் வீட்டுப் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்தவர். அந்த வீட்டுச் சின்னப்பிள்ளையைக்கூட அவர் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து பிள்ளைகள் இரண்டும் ‘ஏலே’தான். ஊரில் பெரியவர்கள் முகம் சுளித்தபோது, அவன் என் கூட்டாளி, அப்படித்தான் கூப்பிடுவான் என்று மாரிசெல்வம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். முப்பது வருஷமாக நல்லகண்ணுவுக்கு அந்த ‘ஏலே’ ஒரு சொத்து.

மாசி மாதம் சுவர் எழும்பியதும் அளவெடுக்கப் போனான். அவன் அளந்த விதத்தைப் பார்த்துக் கொத்தனார்கள் சிரித்தார்கள். கட்டில் வரும் இடத்தில் செங்கல்லை அடுக்கி, பலகை போட்டு, அதில் மல்லாந்து படுப்பான். கண்ணை மூடிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் போனைத் தேடுகிறவன்போல் கையை நீட்டுவான். கை போய் விழுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பலகைக்கு மேலே ஒரு முழமும் நாலு விரலும். நல்லகண்ணு நொட்டாங்கைக்காரன். சோறு ஒன்றைத் தவிர எல்லாம் அவனுக்கு இடது கையில்தான். அதனால் கோடெல்லாம் கட்டிலின் இடது பக்கம் விழுந்தது. வலது பக்கத்துக்கும் அதே உயரத்தில் ஒரு பாயிண்ட் அவன் மனக்கணக்கில் உண்டு, அதை வேலை தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். வேலை செய்யப்போவது தானே, தனக்குத்தானே எதற்கு எழுதி வைக்க வேண்டும்? மூன்று நாளில் முப்பத்திரண்டு ரூமிலும் படுத்து எழுந்தான். மாரிசெல்வம் கதவுநிலையில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவன் அளந்துதான் போட்டான், ஆனால் போட்டது ஆற்றில்.

சித்திரையில் மாரிசெல்வம் போன் செய்தான். குரலில் கொஞ்சம் இழுவை. பெண்டாட்டியின் அண்ணன், அவன் மச்சான், வயரிங்கை ஒரு மதுரைப் பார்ட்டிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம், தான் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லையாம். “உன் கோடெல்லாம் அழிச்சுட்டாகலே. அவுக கம்ப்யூட்டர்ல புதுசா பிளான் போட்டுருக்காக. நான் என்னலே செய்ய?” என்றான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. ஆனாலும் கூட்டாளி மேல் கோபம் வரவில்லை. பெண் கொடுத்த வீட்டை எதிர்த்து அவன் என்ன செய்வான் என்று பாண்டீஸ்வரியிடம் பரிந்து பேசினான். மூன்று நாள் படுத்து எழுந்ததை அழித்தார்களே என்றுதான் வருத்தமாக இருந்தது. ஸ்டிக்கர் கட்டு டூல்ஸ் பையின் அடியிலேயே கிடந்தது.

ஆவணியில் திறப்பு விழா. மாரிசெல்வம் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தான், போகாமல் இருக்க முடியுமா? பஸ் பிடித்து அருப்புக்கோட்டை போய்ச் சேரும்போது நல்லகண்ணுவின் போனில் சார்ஜ் ஒரு கோடுதான் மிச்சம். மாரிசெல்வம் கையைப் பிடித்து வரவேற்றான். சாப்பாட்டுக்கு நேரம் இருக்கு, மேலே போய்ச் சற்றுப் படு என்று இருநூற்று நாலாம் ரூம் சாவியைக் கொடுத்தான். அந்த உபசாரத்தில் நல்லகண்ணு குளிர்ந்துதான் போனான்.

ரூமில் ஏசி ஓடியது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு கட்டிலில் மல்லாந்தான். போனுக்குச் சார்ஜ் போடவேண்டுமே என்ற நினைப்பில், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினான். விரல் நேராகப் பிளக் பாயிண்ட்டில் போய் நின்றது.

சட்டென்று கண்ணைத் திறந்தான். பிறகு எழுந்து முழங்கையை மெத்தைக்குக் கீழே கட்டில் பலகையில் ஊன்றி, கையைச் சுவரோடு நிமிர்த்தினான். நடுவிரல் முடிந்த இடத்துக்கு மேல் மற்றக் கையின் நாலு விரலை வைத்தான். பாயிண்ட் அங்கே இருந்தது. கட்டிலைச் சுற்றிப்போய் வலது பக்கம் பார்த்தான். வெறும் சுவர். வராந்தாவில் இறங்கி, திறந்து கிடந்த ரூமையெல்லாம் எட்டிப் பார்த்தான். எல்லாவற்றிலும் இடது பக்கம், எல்லாவற்றிலும் அதே உயரம். அவன் கோட்டை யாரும் அழிக்கவில்லை. அப்படியே சுத்தியலும் உளியும் வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். மாடிப்படியோரம் இருந்த மெயின் போர்டைத் திறந்தான். உள்ளே பளபளவென்று வேறொருவன் பெயர்.

வேலை போனதுகூட அவனுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் போன்தான் காதுக்குள் கேட்டது. கோடெல்லாம் அழிச்சுட்டாகலே. அந்தப் பொய்யை நம்பி, பெண்டாட்டியிடம் அவனுக்காக வக்காலத்து வாங்கினோமே என்று நினைக்கையில் உடம்பெல்லாம் கூசியது. கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். குழிக்கு அளவும் நம்மிடமே வாங்கியிருக்கிறான்.

கீழே ஹாலில் சொந்தக்காரர்கள் மாரிசெல்வத்தைச் சுற்றி நின்றார்கள். ரூமெல்லாம் ஜோர், படுத்த இடத்திலிருந்தே போனுக்குச் சார்ஜ் போடலாம் போலிருக்கிறதே, யார் யோசனை என்று மச்சான் வெள்ளத்துரை கேட்டுக்கொண்டிருந்தார். மதுரைப் பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்தவர் என்று சொல்லப்பட்டவர் அவர்தான். மாரிசெல்வம் சிரித்தபடி சொன்னான்: “எல்லாம் நம்ம யோசனைதான் மச்சான். முப்பத்திரண்டு ரூமுலயும் நானே படுத்துப் பாத்து அளவெடுத்தேன்.”

படியில் நின்ற நல்லகண்ணு இறங்கி வந்தான். சத்தம் போடவில்லை.

“மொதலாளி, எந்தக் கையால அளந்தீக?”

எல்லோரும் திரும்பினார்கள். மாரிசெல்வத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

“இல்ல, பாயிண்ட்டெல்லாம் எடது பக்கம் இருக்கு. நீங்க சோத்தாங்கைக்காரரு. அதான் கேட்டேன்.”

வெள்ளத்துரை மட்டும், அட, நானும் கவனித்தேன், வலது பக்கம் ஒன்றுமே இல்லையே என்று ஒன்றும் புரியாமல் சொன்னார். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

நல்லகண்ணு மேலே போய்ச் சட்டையைப் போட்டான். சார்ஜரைப் பைக்குள் திணித்தான். அந்தச் சுவரில் சார்ஜ் போட அவனுக்கு மனம் வரவில்லை. திரும்பினால் கதவுநிலையில் மாரிசெல்வம் நின்றான், மாசியில் சாய்ந்து நின்ற அதே மாதிரி. முகம் வெளிறியிருந்தது. அந்தப் பார்ட்டிதான் ரேட்டைக் குறைத்தான், உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போ என்று என்னென்னவோ சொன்னான். நல்லகண்ணு பையைத் தோளில் மாட்டினான்.

“ஆகட்டுங்க. நான் வாரேங்க,” என்றான்.

மாரிசெல்வத்துக்கு அதுதான் சுட்டது. “ஏலே, என்ன வேணும்னாலும் திட்டிட்டுப் போலே. எங்கிட்டப் போயி ‘ங்க’ போடுறியே.”

“எங்கய்யா உங்க வீட்டுல அப்படித்தான் பேசுனாரு,” என்றான் நல்லகண்ணு. “நான்தான் நடுவுல முப்பது வருசம் மறந்துட்டேங்க.”

சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, பந்தியைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.