காற்றில்லாத நிலவில் ஒரு காற்று

திரை முழுக்கச் சாம்பல் நிறத் தரை. அதில் விண்வெளி உடையில் ஒரு அம்மாவும் மகளும். என் நாவலின் கடைசிக் காட்சி. பின்னணியில் 'ஊ...' என்று காற்று வீசியது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "நிறுத்து!" என்று கத்தினேன்.

ஒலிக்கலவை அறையில் மூன்றே பேர். இயக்குநரான என் தம்பி, நாங்கள் குருவி என்று கூப்பிடும் சவுண்ட் இன்ஜினியர் பெண், கதையை எழுதிய பாவி நான்.

"நல்லாத்தானேக்கா இருக்கு? ஒரு சோகம் வருதுல்ல?" என்றான் தம்பி.

"அது காத்தே இல்லாத நிலாடா! காத்து இருந்தா அந்தப் பொண்ணு எதுக்குடா மூச்சு முட்டிச் சாகணும்? ஹெல்மெட்டைக் கழட்டிட்டு எழுந்து போக வேண்டியதுதானே?"

குருவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வேணும்னு போடலக்கா. படத்தை வாங்கற கம்பெனியில ஃபைலைச் சோதிக்கிற மெஷின் இருக்கு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லைன்னா ஒலி போயிடுச்சுன்னு திருப்பி அனுப்பிடுது. இன்னைக்குப் படம் போயாகணும்."

மெஷினுக்காகக் காற்று! அந்தக் காட்சிக்காக மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். மகளின் ரேடியோ செத்துவிட்டது. காற்றில்லாத இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ஹெல்மெட்டோடு ஹெல்மெட்டை ஒட்டினால் மட்டும் கண்ணாடி வழியாகக் குரல் கடக்கும். அம்மா தலையை எடுத்தால் மகளின் குரல் போச்சு. பின்னால் காற்றை ஓடவிட்டால், இரண்டு பேரும் என்னமோ கொஞ்சிக்கொள்கிறார்கள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

"யாருக்கா இதையெல்லாம் கவனிக்கப் போறாங்க? எல்லாம் கற்பனைதானே" என்றான் தம்பி.

"கற்பனைன்னா வாய்க்கு வந்ததை அள்ளி விடறதா? நிலாவுல குடியேறினாங்கன்னு ஒரே ஒரு பொய் சொல்றேன். அதை நம்ப வைக்க மத்த எல்லாத்தையும் நிஜமா எழுதிச் சாகறேன். நீ வந்து விசிறி போடறியா?"

மூச்சு வாங்கியது. பேப்பர் கப்பைக் கசக்கி அவன் மேல் எறிந்தேன். பட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

குருவி சட்டென்று எழுந்தாள். "அக்கா, அப்படியே மைக் முன்னாடி வந்து நில்லுங்க. பேசாதீங்க."

"என்னது?"

"ஹெல்மெட்டுக்குள்ள அவங்கவங்க மூச்சு அவங்கவங்களுக்குக் கேக்கும்ல? அந்த அம்மா ஓடி வந்திருக்காங்க. இப்படித்தான் வாங்கும்."

நின்றேன். தம்பியை முறைத்துக்கொண்டேதான் மூச்சு விட்டேன். குருவி கை காட்டியதும் அடக்கிக்கொண்டேன்.

காற்றை எடுத்துவிட்டு மறுபடியும் ஓட்டினாள். திரையில் அம்மா தடுக்கித் தடுக்கி வந்தாள். என் மூச்சைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. மகள் வாயைத் திறந்து ஏதோ கத்துகிறாள், ஒன்றுமே கேட்கவில்லை. அம்மா குனிந்தாள். ஹெல்மெட்டுகள் தொட்டன. மூச்சு நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"எடுக்காதம்மா. தலையை எடுக்காத."

தம்பி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. கையை எடுக்காமலே, "அவ கடைசியில இதை ஏன் சொல்றான்னு எனக்கு... இப்பத்தான்க்கா புரியுது" என்றான்.

அந்த வசனத்தைப் படமாக்கியவன் அவன்தான். எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

"ரெண்டு வருஷமா என் புத்தகத்தைக் கையில வெச்சிட்டுச் சுத்தின. இன்னைக்குத்தான்டா முதல் தடவையா படிச்சிருக்க."